யாழ்ப்பாணம் போக: நாகை கப்பலா, சென்னை விமானமா?

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கடல்வழி சுமார் 110 கி.மீ.; கப்பலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் போதும்.

நேரத்தை மட்டும் பார்த்தால் விமானம்தான். ஆனால் நீங்கள் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இருந்தால் கணக்கு மாறும். விமானத்துக்காகச் சென்னைவரை போவதே அரை நாள் வேலை. நாகை துறைமுகமோ பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்: கப்பல் ஏறவே முதல்நாள் இரவு நாகைக்குக் கிளம்ப வேண்டும்.

கப்பலின் பெரிய சிக்கல் வானிலை. 2023 அக்டோபரில் தொடங்கிய சேவை சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் திரும்ப வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக நவம்பர், டிசம்பரில், கப்பலை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். அந்த மாதங்களில் என் ஓட்டு விமானத்துக்கே. பிப்ரவரி, மார்ச் என்றால் தாராளமாகக் கப்பலில் போகலாம். கடல் பயணத்தில் குமட்டும் என்றால் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல், விமானம் இரண்டுக்குமே பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான பயண அனுமதியும் வேண்டும். அப்புறம், பலாலியும் காங்கேசன்துறையும் அருகருகே இருப்பதால், எதில் போய் இறங்கினாலும் யாழ் நகரத்துக்கு ஏறக்குறைய ஒரே தூரம்தான்.