சிங்க்திங்: மைய சர்வர் இல்லாத கோப்புப் பாதுகாப்பு, ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சில வருடங்களாக என் வேலைக் கோப்புகளும் குடும்பப் படங்களும் சிங்க்திங் வழியாகத்தான் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. என் லேப்டாப், மதுரை வீட்டில் இரவும் பகலும் ஓடும் ‘ராஸ்பெர்ரி பை’ என்ற கையடக்கக் கணினி (சுருக்கமாகப் ‘பை’), அதில் செருகிய யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க், இரண்டு மொபைல், கோவையில் தங்கை வீட்டு டெஸ்க்டாப். இவ்வளவுதான் மொத்த ஏற்பாடும். இதை நிறுவுவது எப்படி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கரண்ட் போனால், டிஸ்க் கழன்றால், யாராவது கை தவறி அழித்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் நான் சொல்ல நினைக்கிறேன்.

பல கருவிகளில் உள்ள கோப்புகளை ஒன்றுபோல வைத்திருக்க (சிங்க் செய்ய), 2013இல் யாக்கோப் போர்க் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. எது சரியான பிரதி என்று தீர்ப்புச் சொல்ல நடுவில் ஒரு சர்வர் கிடையாது. பகிர்ந்துகொள்ளும் ஒவ்வொரு கருவியிலும் அந்த ஃபோல்டரின் முழுப் பிரதி இருக்கிறது. கோப்பை அதன் அளவுக்கேற்ப 128 கேபி முதல் 16 எம்பி வரையுள்ள துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்ஹெச்ஏ-256 முறையில் ஹேஷ், அதாவது அதன் உள்ளடக்கத்துக்கான கைரேகை போன்ற ஓர் எண், கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. பெரிய கோப்பில் சிறு மாற்றம் செய்தால், மாறிய துண்டுகள் மட்டும் போகும். வேண்டிய துண்டு எந்தக் கருவியில் கிடைக்கிறதோ அங்கிருந்து வாங்கிக்கொள்ளும்.

எங்கள் தெருவில் மின்வெட்டு சாதாரணம். பெரிய வீடியோ ஒன்று பாதி இறங்கியிருக்கும்போது ரூட்டரும் பையும் சேர்ந்தே அணைந்துவிடும். அப்போதும் பாதிக் கோப்பு அசல் பெயரில் கிடந்து நான் பார்த்ததில்லை. வரும் துண்டுகளை ஒரு தற்காலிகக் கோப்பில் சேர்த்து, எல்லாம் வந்து ஹேஷ் சரியாக இருந்தால்தான் அசல் பெயருக்கு மாற்றுகிறது. கரண்ட் வந்ததும் ஏற்கெனவே இறங்கிய துண்டுகளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அது போட்டு வைக்கும் ‘.எஸ்டிஃபோல்டர்’ என்ற சின்ன அடையாளம். யுஎஸ்பி டிஸ்க் கழன்றுவிட்டால், அது இருந்த இடம் கணினிக்கு வெறும் காலி ஃபோல்டராகத் தெரியும். விவரம் இல்லாத சிங்க் நிரல் என்றால் ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொண்டு மற்ற கருவிகளிலும் அழித்துவிடும். சிங்க்திங் அந்த அடையாளத்தைத் தேடும். இல்லையென்றால் பிழை காட்டி அந்த ஃபோல்டரை நிறுத்திவிடும். பழைய கேபிள் ஒன்றால் எங்கள் டிஸ்க் அடிக்கடி கழன்றுகொண்டிருந்த நாட்களில், ஒரு படம்கூடப் போகாமல் காத்தது இதுதான். அந்த அடையாளம் குப்பை மாதிரித் தெரிகிறதே என்று தயவுசெய்து யாரும் அழித்துவிடாதீர்கள்.

ஆனால் மனிதர் அழிப்பதை அது தடுக்காது. தடுக்கவும் கூடாது, அழித்ததைக் கொண்டுபோவதும் சிங்க்கின் வேலைதானே. அண்ணன் மகன் ஒருமுறை மொபைலில் இடம் காலி செய்கிறேன் என்று ஒரு சுற்றுலாவின் படங்களை மொத்தமாக அழித்தான். சில நிமிடங்களில் எல்லாக் கருவியிலும் அவை காணோம். பையில் மட்டும் ‘ஸ்டாகர்ட்’ வகைப் பழைய பதிப்புச் சேமிப்பு போட்டிருந்ததால் அங்கிருந்து மீட்டோம். முதல் ஒரு மணி நேரத்துக்கு 30 நொடிக்கு ஒன்று, முதல் நாளுக்கு மணிக்கு ஒன்று, 30 நாள் வரை நாளுக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று பழைய பதிப்புகளை அது வைத்திருக்கும். நாம் மாற்றாவிட்டால் ஓராண்டு வரை.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. மற்ற கருவியிலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் இந்தச் சேமிப்பு நடக்கும். லேப்டாப்பில் நீங்களே அழித்த கோப்புக்கு லேப்டாப்பில் பழைய பதிப்பு இருக்காது. அதனால் இந்த வசதியை, நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யாத கருவியில் கட்டாயம் போடுங்கள். அதற்கு மேலும் தனியாக ஒரு பேக்கப் வேண்டும். நான் பையிலிருந்து ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலைக் கொண்டு இரவுதோறும் இன்னொரு டிஸ்க்குக்கு எடுக்கிறேன்.

ஒரே கோப்பை இரண்டு பேர் ஒரே சமயத்தில் திருத்தினால் ஒன்றை விட்டுவைத்து, பழைய நேரம் கொண்டதை ‘சிங்க் கான்ஃப்ளிக்ட்’ என்று பெயர் மாற்றி அருகிலேயே வைக்கும். எதுவும் தொலையாது. ஆனால் இரண்டையும் ஒப்பிட்டுச் சேர்ப்பது நம் பாடு. வீட்டு வரவு செலவு எக்செல் கோப்பில் இது தொல்லையாகிவிட, அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். கூட்டாகத் திருத்தும் ஆவணங்களுக்கு இது ஏற்றதில்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சேதி. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், பிரித்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கோ அவை இரண்டு வேறு பெயர்கள். சிங்க்திங் தானாகவே பெயர்களை ஒரு சீராக்கிவிடுகிறது. மேக், லினக்ஸ் இரண்டிலும் தமிழ்ப் பெயர்களோடு எனக்குச் சிக்கல் வந்ததில்லை.

வேகம் இணைப்பைப் பொறுத்தது. வீட்டு வைஃபைக்குள் பறக்கும். மதுரைக்கும் கோவைக்கும் இடையில், இணைய நிறுவனம் தனி ஐபி தராததால், நேரடி இணைப்பு கிடைக்காமல் ரிலே வழியாக, அதாவது தரவை வாங்கிக் கடத்திவிடும் இடைக் கணினி வழியாக, போகும் நாட்கள் உண்டு. அப்போது நகரவே நகராது. முதல் பிரதியை டிஸ்க்கில் எடுத்துப் பேருந்தில் கொண்டுபோனதுதான் நல்லதாயிற்று.

மொபைல்தான் பலவீனமான இடம். அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. தன்னார்வலர்களின் ‘சிங்க்திங் ஃபோர்க்’தான் இப்போது கை கொடுக்கிறது. பேட்டரி சேமிப்பில் அதற்கு விலக்குக் கொடுக்காவிட்டால் பின்னணியில் அடங்கிவிடும்.

2025 ஆகஸ்டில் வந்த 2.0 பதிப்பில் உள்ளே இருந்த தரவுத்தளம் லெவல்டிபியிலிருந்து எஸ்கியூலைட்டுக்கு மாறியது. முதல் தடவை திறக்கும்போது பை வெகுநேரம் எடுத்துக்கொண்டது. பதறி நடுவில் அணைக்க வேண்டாம். அழித்த கோப்புகளின் நினைவை 15 மாதத்துக்குப் பிறகு அது இப்போது விட்டுவிடுகிறது. அலமாரியில் இரண்டு வருடம் கிடந்த பழைய லேப்டாப்பை நேராக இணைத்தால், என்றோ அழித்தவை திரும்பி வரக்கூடும்.

கோவைப் பிரதி மறையாக்கப்பட்ட வகை. தங்கை வீட்டு டெஸ்க்டாப்பில் கோப்பின் உள்ளடக்கமோ பெயரோ தெரியாது. இடம் மட்டும் அவள் தருகிறாள். மதுரையில் எல்லாம் போனாலும், புதுக் கணினியில் அதே பாஸ்வேர்டைக் கொடுத்து இணைத்தால் அங்கிருந்து எல்லாம் திரும்ப வரும். இதை ஒரு சிறு ஃபோல்டரில் செய்து பார்த்து, ஹேஷ் ஒப்பிட்ட பிறகுதான் பெரிய ஃபோல்டர்களை அங்கே அனுப்பினேன். பாஸ்வேர்டு தொலைந்தால் அந்தப் பிரதியால் பயனில்லை என்பதால், தாளில் எழுதி அம்மாவின் பீரோவில் ஒன்றும் வங்கி லாக்கரில் ஒன்றுமாக வைத்திருக்கிறோம்.