செரெங்கெட்டி முடிந்து அருஷா: ஒரே மூச்சிலா, நடுவில் ஒரு இரவா?

தான்சானியா கூடார சஃபாரி முடியும் நேரத்தில் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. செரெங்கெட்டி பூங்காவின் நடுவிலுள்ள செரோனேராவில் காலையில் கூடாரத்தைச் சுருட்டிவிட்டு அன்றைக்கே அருஷா நகரத்துக்குப் போய்விடுவதா, இல்லை வழியில் ம்டோ வா ம்பு என்ற சின்ன ஊரில் ஒரு இரவு தங்குவதா?

ஒரே நாளில் போனால் 300 கி.மீ.க்கு மேல். தூரம் கூடப் பரவாயில்லை, சாலைதான் ஆளைக் கொல்லும். செரெங்கெட்டியை விட்டு வெளியேறும் நாபி ஹில் வாயிலைத் தாண்டி, ங்கொரோங்கொரோ மேட்டில் ஏறி, அந்தப் பகுதியை விட்டு வெளியேறும் லோடோவாரே வாயில் வரும்வரை வரிவரியாகப் பள்ளம் விழுந்த மண் ரோடு, ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம், ஓட்டுநரோ 'ஆப்பிரிக்கன் மசாஜ்' என்று சிரிப்பார். நாபி ஹில்லில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் நீல முதுகும் செம்மஞ்சள் வயிறுமாக மைனா இனப் பறவைகள் மேஜைக்கே வந்து நிற்கும், அது ஒன்றுதான் ஆறுதல். அருஷா போய்ச் சேரும்போது இருட்டிவிடும்.

தங்கினால்? லோடோவாரே வரை அதே ரோடுதான், அப்புறம் தார் ரோடு. கரட்டு என்ற ஊரைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது மன்யாரா ஏரி கீழே தெரியும், வெளிச்சம் இருக்கும்போதே குளித்துவிட்டுச் சந்தையில் செவ்வாழை வாங்கித் தின்னலாம். மறுநாள் அருஷாவுக்கு இரண்டு மணி நேரம்தான். செலவு ஒரு இரவுக்குக் கூடும், கொசுவும் உண்டு.

மறுநாள் காலையிலேயே விமானம் என்றால் வேறு வழியில்லை, நேராகப் போய்விடுங்கள். மாலை விமானம் என்றால் நான் ம்டோ வா ம்புதான் சொல்வேன். எதுவானாலும் செரெங்கெட்டி அனுமதி நேரம் முடிவதற்குள் நாபி ஹில்லைத் தாண்டிவிடுங்கள், தாமதமானால் மறுபடி கட்டணம் கேட்பார்கள்.