கூடலூர் கேபிள்காரர் ஃபைபர்: எம்பிபிஎஸ்ஸை மட்டும் பார்த்து வாங்காதீங்க

தேனி மாவட்டக் கூடலூர்ல ஒரு ஏலக்காய் வியாபாரிகிட்ட கணக்கு எழுதுறேன். குமுளியிலேருந்து சரக்கு இறங்கினா மாநில எல்லை தாண்டுது. மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல போனா இ-வே பில், அதாவது ஆன்லைன்ல எடுக்கிற சரக்குச் சீட்டு, வேணும். நல்ல ஏலக்காய்னா ஒரே மூட்டையில அது தாண்டிடும். டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டு இருப்பார், இங்க பிரவுசர்ல வட்டம் சுத்திக்கிட்டு இருக்கும். அந்தக் கடுப்புலதான் சிம் போட்ட ரூட்டரை ஓரங்கட்டிட்டு, உள்ளூர் கேபிள்காரரோட ஃபைபர் வாங்கினோம். வேகம் 40 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு இத்தனை மெகாபிட்), மாசம் 500 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

வேடிக்கை என்னன்னா, பழைய சிம் ரூட்டரும் ஸ்பீட் டெஸ்ட்ல 30-க்குக் குறையாது. அப்புறம் ஏன் பக்கம் திறக்கல? ஸ்பீட் டெஸ்ட்ல பெருசாத் தெரியற அந்த எண், இணைப்பு கிடைச்ச பிறகு டேட்டா ஓடுற வேகம். அதுக்கு முன்னாடி ஒரு பேச்சு இருக்கு. நம்ம கம்ப்யூட்டர் ‘சின்’னு ஒரு குட்டி பாக்கெட் (டேட்டாத் துண்டு) அனுப்பும். சர்வர் ‘சின்-அக்’னு பதில் போடும். நாம ‘அக்’ அனுப்பணும். போன்ல "ஹலோ, கேக்குதா?", "கேக்குது, நான் பேசுறது கேக்குதா?", "கேக்குது, சொல்லுங்க"ங்கிற மாதிரி. பாக்கெட்டுகளை எந்த எண்ணிலேருந்து எண்ணப் போறோம்னு ரெண்டு பக்கமும் சொல்லிக்கிறதும் இதுலதான். 1981-ல வந்த ஆர்எஃப்சி 793-ங்கிற இணைய விதி ஆவணத்துல இருக்கிற முறை இது. 2022-ல ஆர்எஃப்சி 9293-னு திருத்தி எழுதினப்பவும் இந்த மூணுல கை வைக்கல.

சிம் ரூட்டர்ல ஒரு பாக்கெட் போய்த் திரும்ப சுமார் 180 மில்லிசெகண்ட். ஃபைபர்ல 25. பூட்டுப் படம் போட்ட தளம்னா, ரகசியமாப் பேசிக்கிறதுக்கான டிஎல்எஸ் பேச்சு தனி: 1.3 பதிப்புல ஒரு சுற்று, பழைய 1.2-ல ரெண்டு. ஆக சிம்ல, ஒரு எழுத்து வர்றதுக்கு முன்னாடியே அரை செகண்ட் காலி.

அதுகூடப் பொறுத்துக்கலாம். முதல் சின் வழியில தொலைஞ்சா பொதுவா ஒரு செகண்ட் சும்மா இருந்துட்டுத்தான் மறுபடி அனுப்பும். அதுவும் போனா ரெண்டு செகண்ட், அடுத்து நாலு. டேட்டா ஓடும்போது நடுவுல ஒண்ணு தொலைஞ்சா, பின்னால வர்ற பாக்கெட்டுகளை வச்சு சட்டுனு பிடிச்சிடும். ஆரம்பத்துல பின்னால வர எதுவும் இல்லையே, கடிகாரத்தைத்தான் நம்பணும். நம்ம வட்டம் சுத்தினதுக்கு பாதிக் காரணம் இதுதான்.

ஃபைபர் வந்ததும் பக்கம் தட்டினவுடனே திறந்துச்சு. ஆனா ஒரு மழைக்கப்புறம் பழையபடி தொங்க ஆரம்பிச்சது. வந்த பையன் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி, "அண்ணே, 40 வருதுல்ல, உங்க லேப்டாப்பைப் பாருங்க"ன்னான். அது பல இணைப்பை ஒண்ணா ஓட்டி அளக்கிற சோதனை, சில்லறைத் தொலைப்பெல்லாம் அதுல மறைஞ்சிடும். பிங் போட்டுக் காட்டினேன், அதாவது குட்டி பாக்கெட் அனுப்பி பதில் வருதான்னு பார்க்கிறது. நூத்துக்கு ஏழெட்டு திரும்பல. மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே, ஒளியை அளக்கிற பவர் மீட்டரை எடுத்தான். வெளியே கம்பத்துல சுருட்டிக் கட்டின இடத்துல வயர் மடங்கி, ஒளி பலவீனமா வந்திருக்கு. அவிழ்த்துக் கட்டினதும் சரி. ஆள் கூப்பிட்ட அன்னைக்கே வந்தான், அதுக்கு மார்க் உண்டு.

இன்னொரு குறை. முதலாளி வண்டன்மேட்டுல இருந்துக்கிட்டு குடோன் கேமராவை நேரா பார்க்கணும்னார். முடியல. ரூட்டருக்குக் கொடுத்திருக்கிற முகவரி 100.64-னு தொடங்குது, அதாவது பல வீட்டுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரி. உள்ளேருந்து வெளியே சின் போகும், வெளியேருந்து வர்ற சின் நம்ம ரூட்டர் வரைக்கும் வராது. கேமரா கம்பெனி ஆப்ல மட்டும் படம் வருது, ஏன்னா கேமராவே வெளியே கூப்பிட்டு சர்வரோட இணைப்பை வச்சிருக்கு. ஸ்டேட்டிக் ஐபி, அதாவது நமக்குன்னே மாறாத பொது முகவரி, வேணும்னா மாசம் 200 கூடுதல்னு கேபிள்காரர் சொல்றார். வாங்கும்போது இதைச் சொல்லவே இல்லை, மனுஷன்.

அஞ்சுக்கு நாலு. பில் போடுறவங்க, பேங்க் வேலை பார்க்கிறவங்க தாராளமா வாங்கலாம். பெட்டி மாட்டின அன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல, எல்லாரும் சீரியல் பார்க்கிற நேரத்துல, பிங் போட்டுப் பார்த்துட்டு மூணு மாசப் பணம் கட்டுங்க. கரண்ட் போனா அவங்க பெட்டியும் போயிடும், அதுக்குன்னு ஒரு சின்ன யூபிஎஸ் வச்சுக்கணும்.