ஜேம்ஸ்டவுன் மண்ணில் துப்பாக்கியும் வாளும்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஜேம்ஸ்டவுனில் 1607-ல் ஆங்கிலேயர் கட்டிய ஜேம்ஸ் கோட்டையை 1994 முதல் தோண்டி வருகிறார்கள். பாழ்கிணறுகளிலும் நிலவறைகளிலும் துப்பாக்கி, வாள் என இரண்டு வகை ஆயுதங்களுமே கிடைத்திருக்கின்றன.

துப்பாக்கி முழுசாகக் கிடைப்பது அபூர்வம். மரக்கட்டை மக்கிவிடும், குழலும் விசைப்பொறியும் ஈயக் குண்டுகளும்தான் மிஞ்சும். ஆனால் அந்த விசைப்பொறி ஒன்று போதும். எரியும் திரியை வெடிமருந்தில் தொடவைக்கும் பழைய மேட்ச்லாக்கா, கல்லை எஃகில் உரசித் தீப்பொறி பறக்கவிடும் ஸ்னாப்ஹான்ஸா என்று சொல்லிவிடலாம். மழையில் திரி அணையும், இருட்டில் கங்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும்; காட்டுச் சண்டைக்குக் கல்பொறியே தோது. குண்டு வார்த்த ஈயக் கழிவோ, வேலை அங்கேயே நடந்ததற்குச் சாட்சி.

வாள் வேறு கதை. அலகு துருக்கட்டியாகிவிடும், எக்ஸ்ரே எடுத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். கைப்பிடிதான் பேசும்: விரல்களை மூடும் கூடைப்பிடி அகலவாளுக்கு, மெல்லிய வளையங்கள் குத்துவதற்கான ஒல்லி நீளவாளான ரேப்பியருக்கு. ரேப்பியர் கனவானின் இடுப்பு அலங்காரமும்கூட. யார் வந்தார்கள் என்பதற்கு வாளைக் கேட்கலாம். எப்படிப் பிழைத்தார்கள் என்று அறிய, என் ஓட்டு அந்த ஈயக் கழிவுக்கே.