அஃபெக்ஸ் ட்வினின் முதல் ஆல்பம்: வினைலா, சிடியா?

ரிச்சர்ட் டி. ஜேம்ஸ் ‘அஃபெக்ஸ் ட்வின்’ என்ற பெயரில் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85–92’. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து ஆர் அண்ட் எஸ் நிறுவனத்தின் கிளை லேபிளான அப்பல்லோ 1992-இல் வெளியிட்டது. பதின்மூன்று டிராக்குகள், ஏறத்தாழ 74 நிமிடம் 39 வினாடி. டெக்னோ வரலாற்றில் இதன் இடம் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள், அதற்குள் நான் போகவில்லை. இப்போது இதைக் காசு கொடுத்து வாங்கப் போகிறவர் எந்த வடிவில் வாங்குவது என்பதுதான் இங்கே பேச்சு. இரட்டை எல்பி, அதாவது இரண்டு வினைல் தட்டு, இருக்கிறது, ஒற்றை சிடி இருக்கிறது, ஃபைலாகவும் கிடைக்கிறது, ஸ்ட்ரீமிங்கும் இருக்கிறது. நான் வாங்கி வைத்திருப்பது சிடி. அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங்கை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆல்பம் பிடிக்குமா என்று பார்க்க அது போதும். ஆனால் தரத்தை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். இந்த ஆல்பம் முழுக்க மெல்லிய டேப் இரைச்சல் ஓடுகிறது. இரைச்சல் என்பது ஒழுங்கற்ற ஒலி, அதைச் சுருக்குவதுதான் எம்பி3, ஏஏசி போன்ற முறைகளுக்கு மிகக் கடினம். 96 அல்லது 128 கேபிபிஎஸ்ஸில் ‘எக்ஸ்டல்’ என்ற டிராக்கைக் கேட்டால், அந்தப் பெண் குரலைச் சுற்றியுள்ள காற்று தண்ணீருக்கடியில் சுழல்வதுபோல் கேட்கும். அதை டேப்பின் குணம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு, உண்மையில் அது சுருக்கத்தின் கோளாறு. 256-க்கு மேல் வைத்து, ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

வாங்குவது என்று முடிவானபின் போட்டி எல்பிக்கும் சிடிக்கும்தான். அதற்குமுன், இது எதில் பதிவானது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஜேம்ஸ் கார்ன்வாலில் வளர்ந்தவர், 1971-இல் பிறந்தவர். தலைப்பில் உள்ள 85 உண்மையென்றால் சில பகுதிகளைச் செய்தபோது அவருக்கு வயது பதினாலு. வீட்டிலேயே செய்து சாதாரண கேசட்டில் இறக்கியவை இவை. இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி இல்லாத கேசட்டில் இசையின் அளவுக்கும் இரைச்சலின் அளவுக்கும் இடையிலான தூரம் சுமார் 50 டெசிபல், டால்பி பி போட்டால் இன்னும் பத்து கூடலாம். நல்ல நிலையில் உள்ள எல்பி 60 முதல் 70 வரை போகும். சிடியின் 16 பிட் 96 டெசிபல். ஆக, கேசட்டில் இருந்தது அனைத்தும் சிடிக்குள் தாராளமாக அடங்கிவிடும், மேலே நிறைய இடம் காலியாகவும் கிடக்கும். 24 பிட் ஃபைலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை இரைச்சலை இன்னும் துல்லியமாக அளந்து வாங்குவதுதான்.

‘கேசட்டே இரைச்சல்தானே, அதற்கு மேல் வினைல் கொஞ்சம் சேர்த்தால் என்ன?’ என்று கேட்பார்கள். டேப் இரைச்சல் சீராக ஓடுவது. இரண்டு நிமிடத்தில் காது அதை மறந்துவிடும், இந்த இசையில் அது சேர்ந்தும்விட்டது. வினைலின் சத்தம் வேறு மாதிரி. திடீரென்று ஒரு ‘டிக்’, பிறகு மௌனம், 1.8 வினாடி கழித்து அதே இடத்தில் இன்னொரு ‘டிக்’. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்று வர ஆகும் நேரம் அது. ராக் பாட்டில் டிரம்ஸ் அதை மூடிவிடும். இங்கே ‘ஐ’ என்றொரு டிராக், 1 நிமிடம் 13 வினாடி, தாளமே கிடையாது. ‘தா’ ஒன்பது நிமிடம் ஓடுகிறது, மெத்தென்ற கிக் டிரம்மும் பின்னணியில் மனிதர்கள் முணுமுணுப்பதுபோல் ஒரு சலசலப்பும்தான். இவற்றில் ஒரு தூசியும் ஒளிய முடியாது.

எல்பிக்கு உரியதையும் கொடுத்துவிட வேண்டும். 74 நிமிடத்தை நான்கு பக்கமாகப் பிரித்தால் பக்கத்துக்கு 17 முதல் 20 நிமிடம். இது நல்ல அளவு. பக்கம் 25 நிமிடத்தைத் தாண்டினால்தான் பள்ளங்களை நெருக்கி, ஒலியையும் பேஸையும் குறைத்து வெட்ட வேண்டிவரும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. அஃபெக்ஸ் ட்வினின் அந்த வட்டச் சின்னத்தைப் பன்னிரண்டு அங்குல உறையில் பார்ப்பதும் சிடி பெட்டியில் பார்ப்பதும் ஒன்றில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பக்கத்தின் கடைசி டிராக்கைக் கவனியுங்கள். தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் வினாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 ஆகக் குறைகிறது. அதே ஹை-ஹாட் தாளத்தட்டின் ஒலியை பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருக்கிறது. சாதாரண கோள முனை ஊசியால் அந்த நெருக்கமான வளைவுகளுக்குள் இறங்க முடியாது. ‘ட்ஸ்’ என்பது ‘ஷ்’ என்று பிசிறும். கடைசிப் பக்கத்தை முடித்துவைக்கும் ‘ஆக்டியம்’ ஏழரை நிமிடம், அதன் பின்பாதி முழுக்க இந்தப் பகுதியில்தான் விழுகிறது. இதைக் குறைக்க வேண்டுமென்றால் நுண்கோட்டு முனை, அதாவது மைக்ரோலீனியர் ஊசி வேண்டும். ஊசி பொருந்தியிருக்கும் கேட்ரிட்ஜின் கோணமும் சரியாக இருக்க வேண்டும்.

இங்கேதான் பராமரிப்பு வருகிறது. என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

ஊசியிலிருந்து தொடங்கலாம். ஆடியோ-டெக்னிகா நிறுவனமே சொல்லும் கணக்கு: நீள்வட்ட முனை 300 மணி நேரம், கோள முனை 500, மைக்ரோலீனியர் 1,000. பரவலாக விற்கும் கேட்ரிட்ஜ்களில் வருவது பெரும்பாலும் நீள்வட்ட முனை. தினம் ஒரு மணி நேரம் கேட்டால் பத்து மாதத்தில் மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசி மோசமாக ஒலிப்பதோடு நிற்காது, உளிபோலாகி பள்ளத்தின் சுவரைச் செதுக்கிவிடும். அதன்பின் புது ஊசி போட்டாலும் போனது போனதுதான். ஒரு மாற்று ஊசியின் விலைக்கு இந்த சிடியை ஒன்றுக்கு மேல் வாங்கலாம்.

அடுத்தது ஊசி தட்டின்மேல் அழுத்தும் எடை. கேட்ரிட்ஜ் ஆர்டோஃபான் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம், ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2.0 கிராம். டர்ன்டேபிளின் கையில் (டோன்ஆர்ம்) உள்ள எண் வட்டத்தை நம்பாமல் 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் அளக்க வேண்டும். ‘எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது’ என்று பலர் 1.5-க்கு இறக்கிவிடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. ஊசி பள்ளத்தில் பிடிமானமின்றித் துள்ளி, சுவரில் மோதித் திரும்பும். ‘ஹெட்ஃபெலிம்’ போல் கனத்த, கரடான கிக் உள்ள டிராக்கில் அந்தத் துள்ளல் தெளிவாகக் கேட்கும். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் இருந்தால் பேஸ் அதிர்வு ஊசிக்கே திரும்பி வந்து ஊளையிடவும் வாய்ப்புண்டு.

பிறகு கழுவுதல். புதுத் தட்டையும் கழுவ வேண்டும். அச்சடித்த மிச்சமும் உறையின் காகிதத் தூளும் அதில் இருக்கும். ஒரு லிட்டருக்கு 800 மில்லி காய்ச்சி வடித்த நீர், 200 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஃபிலிம் கழுவப் பயன்படும் ஈரமூட்டி சில துளி. பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், லேபிளில் படக்கூடாது. இதற்குப்பின் வெறும் காய்ச்சி வடித்த நீரில் இன்னொரு முறை அலச வேண்டும். பெரும்பாலோர் விடுவது இந்தப் படியைத்தான். ஈரமூட்டி காய்ந்து பள்ளத்தில் தங்கினால், அடுத்த முறை ஊசியின் நுனியில் சாம்பல் நிற உருண்டையாகச் சேரும். கழுவியபிறகு சத்தம் கூடிவிட்டது என்று புகார் வரும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படியும். நிமிர்த்தி வைத்து முழுக்கக் காயவிட்டு, காகித உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாலித்தீன் உட்பூச்சுள்ள புது உறையில் போட வேண்டும். பிவிசி வெளியுறைகளும் ஆகாது. நாளடைவில் அவை தட்டின்மேல் மங்கலான படலத்தை விட்டுவிடும்.

நம் ஊர்களில் இன்னும் இரண்டு தொல்லை உண்டு. கடலோர ஈரத்தில் உறைகளில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ கூரியர் வண்டிக்குள்ளோ கிடந்தால் தட்டு வளைந்துவிடும். 60 டிகிரி நெருங்கினாலே வினைல் இளகத் தொடங்கும். வளைந்த தட்டை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தும் வைத்தியத்தை முயலாதீர்கள், பள்ளம் தட்டையாகி நிரந்தர இரைச்சல் வந்துவிடும்.

இத்தனையும் செய்பவருக்கு இந்த எல்பி அருமையாக ஒலிக்கும். நான் சொல்வது நடுத்தர விலை டர்ன்டேபிளுக்கான கணக்கு. மூன்று மடங்கு விலையுள்ள கேட்ரிட்ஜும் வெற்றிட உறிஞ்சி வைத்த கழுவும் இயந்திரமும் வைத்திருப்பவர் வேறு முடிவுக்கு வரலாம், அவரோடு வாதிட மாட்டேன்.

சிடியில் வேலை ஒரே ஒரு முறை. கணினியில் ரிப் செய்யுங்கள், அதாவது ஃபைலாக நகலெடுங்கள்: விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக் என்றால் எக்ஸ்எல்டி. ‘செக்யூர்’ முறையில் வைத்து, அக்யூரேட்ரிப் ஒப்பீட்டை இயக்கிவிட்டால், உங்கள் பிரதி மற்றவர்களின் பிரதியோடு பிட் பிட்டாக ஒத்துப்போகிறதா என்று சொல்லிவிடும். சுருக்காமல் வைத்தால் மொத்தம் சுமார் 790 எம்பி. தகவலை இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்கில் அதில் பாதியோ கொஞ்சம் கூடவோ. இரண்டு இடத்தில் பிரதி வைத்தபின் தட்டை அலமாரியில் வைத்துவிடலாம். மடிக்கணினியில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி டிரைவ் ஒன்று போதும்.

சிடி சாகாவரம் பெற்றதல்ல. பளபளக்கும் அடிப்பக்கத்தை எல்லோரும் பாதுகாக்கிறார்கள், ஆபத்து மேலே இருக்கிறது. அடியில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் உண்டு, அங்கே கீறினால் பாலிஷ் போடலாம். அலுமினியப் படலமோ எழுத்து அச்சுக்குக் கொஞ்சம் கீழேதான், மெல்லிய அரக்குப் பூச்சுக்குள். அங்கே கீறினால் தகவலே போய்விடும். துடைக்கும்போது வட்டமாகச் சுற்றாமல் நடுவிலிருந்து விளிம்புக்கு இழுங்கள். பிழைதிருத்தம் டிராக்கின் நீளத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை விட்டுப்போனதை மீட்டுவிடும். குறுக்குக் கீறல் அதற்குள் அடங்கும், டிராக்கோடு ஓடும் கீறல் அடங்காது.

பழைய பிரதி வாங்கும்போது இன்னொரு சோதனை. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் அச்சான சிடிகளில் பல வெண்கல நிறமாகி, விளிம்பிலிருந்து உள்நோக்கி அழிந்தன. எந்த ஆல்பமானாலும் அந்தக் காலத்துத் தட்டென்றால் நடுவளையத்தில் ஆலையின் பெயரைப் படியுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளைகள் தெரிகிறதா என்றும் பாருங்கள். அழிவு விளிம்பில் தொடங்குவதால் முதலில் போவது கடைசி டிராக்குகள். 74 நிமிடத்துக்கு மேல் ஓடும் தட்டு விளிம்பு வரை நிறைந்திருக்கும், அதனால் சோதனையை ‘ஆக்டியம்’ டிராக்கிலிருந்து தொடங்குங்கள்.

ஃபைலாக வாங்கினால் இந்த ரிப் வேலையும் மிச்சம், ஒலியில் சிடிக்கு எந்தக் குறையும் இல்லை. இழப்பில்லாத ஃபிளாக் தருகிறார்களா என்று மட்டும் பாருங்கள். நான் சிடியைச் சற்று மேலே வைப்பதற்கு ஒரே காரணம், வேண்டாமென்றால் அதை இன்னொருவருக்கு விற்கலாம், கொடுக்கலாம்.

மறுவிற்பனை என்று வந்துவிட்டால் எல்பிதான் வெல்லும், அதில் சந்தேகமில்லை. 1992-இன் முதல் அச்சை, ஏஎம்பி 3922 என்ற எண்ணுள்ளதை, தேடுபவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் விற்கும் விலையை முடிவு செய்வது தட்டின் நிலை. பழைய தட்டுக் கடைக்காரர்கள் ‘விஜி பிளஸ்’ (வெரி குட் பிளஸ்) என்று நிலையைக் குறித்து எழுதுவது பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான். ராக் தட்டில் விஜி பிளஸ் திருப்தியாக ஓடும். இந்த ஆல்பத்தில் அதே தரம் மெல்லிய இடங்களில் படபடக்கும். வாங்குவதானால் ‘தா’வின் தொடக்கத்தை ஓடவிட்டு ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முதலீடாக எண்ணி வாங்கியதை அதிகம் ஓட்டவும் முடியாது, ஒவ்வொரு ஓட்டமும் விலையைக் கொஞ்சம் தின்னும்.

இதே தீர்ப்பை 1994-இல் வார்ப் நிறுவனம் வெளியிட்ட ‘செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் வால்யூம் 2’க்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே கணக்கு தலைகீழ். இரண்டு சிடிக்குள் அடக்க ‘ஸ்டோன் இன் ஃபோகஸ்’ என்ற டிராக்கை விட்டுவிட்டார்கள், மூன்று தட்டு எல்பியில் அது இருந்தது. பத்து நிமிடத்துக்கும் மேலான அந்த டிராக்கை இழந்து பழைய சிடியை வாங்குவதில் அர்த்தமில்லை. 2024-இல் வந்த விரிவாக்கப் பதிப்பின் மூன்று சிடி பெட்டியில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய இரட்டைச் சிடி மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தாண்டிப் போய் இந்தப் புதிய பெட்டியை வாங்குங்கள்.