ஆர்கோ விளக்கு: சாப்பாட்டு மேசைக்கு மேல் பல வருடங்கள்

மிலானில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு பழைய கட்டடத்தில் இருக்கிறது. கூரை நல்ல உயரம். மின் இணைப்போ கூரையின் நடுவில். சாப்பாட்டு மேசை போட இடம் இருப்பதோ ஜன்னல் ஓரம். கூரையில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அந்தச் சமயத்தில் அதே கட்டடத்தில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தது. அவர்களிடம் இருந்த பழைய ஆர்கோ விளக்கை, தரையில் நின்று வில்போல் வளைந்து மேசைக்கு மேல் நீளும் விளக்கை, விலை பேசி வாங்கினோம். பத்து வருடங்களுக்கும் மேலாக அதன் வெளிச்சத்தில்தான் சாப்பிடுகிறோம்.

எங்கள் சிக்கலுக்கென்றே செய்தது போன்ற விளக்கு இது. 1962இல் இதே மிலானைச் சேர்ந்த அகில்லே காஸ்டிலியோனி, பியர் ஜாக்கோமோ காஸ்டிலியோனி என்ற சகோதரர்கள் வடிவமைத்தார்கள். ஃப்ளோஸ் நிறுவனம் தயாரித்தது, இன்றும் தயாரிக்கிறது. கூரையைத் தொடாமல் மேசைமீது நேராக வெளிச்சம் விழ வேண்டும் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. கம்பத்தை மேசையை ஒட்டி வைத்தால் ஆள் நடமாட முடியாது. ஆகவே அடித்தளம் சுமார் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், வளைவுக்கு அடியில் ஒருவர் தட்டை ஏந்திக்கொண்டு போய்வர இடம் வேண்டும். தெருவிளக்கு ஓரத்தில் நின்றபடி சாலையின் நடுவில் வெளிச்சம் தருவதைப் பார்த்துத்தான் இந்த வளைவு பிறந்தது. எங்கள் வீட்டில் என் மாமியார் கொதிக்கும் ரசப் பாத்திரத்தோடு நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்து வருவார். ஒரு நாள்கூட விளக்கு அவருக்கு இடைஞ்சலாக இருந்ததில்லை.

அவ்வளவு தூரம் நீளும் கையைத் தாங்க எடை வேண்டும். அதற்குத்தான் அடியில் இத்தாலியின் கராரா ஊர்ப் பளிங்குக் கட்டி, ஏறத்தாழ 65 கிலோ. இரும்பிலும் எடை கிடைக்கும். ஆனால் அதே எடைக்குப் பளிங்கு மலிவாக வந்தது என்பதும் ஒரு காரணம். இன்று பணக்கார வீட்டு அடையாளமாகப் பார்க்கப்படும் அந்தக் கல் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கல்லின் முனைகளை மழுக்கியிருக்கிறார்கள். இருட்டில் முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டால் வலிக்கும், ஆனால் கிழிக்காது.

கல்லின் பக்கவாட்டில் ஒரு வட்டத் துளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போகிறது. படங்களில் பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். துடைப்பக் கம்பை உள்ளே நுழைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்குவதற்கான துளை அது. விளக்கை மேலே கொண்டுவந்த அன்று, “இதைத் தூக்க நாலு பேர் வேண்டுமே!” என்றார் என் கணவர். தண்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, கம்பை நுழைத்து நாங்கள் இருவரே தூக்கினோம். கம்பு மட்டும் தடிமனாக, முற்றிய மரமாக இருக்க வேண்டும். உள்ளீடற்ற அலுமினியக் கம்பு வளைந்துவிடும். இப்போதும் தரையைக் கழுவும் நாட்களில் இதே முறைதான்.

வளைவு மூன்று எவர்சில்வர் துண்டுகளால் ஆனது. ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும். வெளியே இழுத்தால் கை நீளும், உள்ளே தள்ளினால் குறுகும். ஒயர் அதற்குள்ளேயே ஓடுகிறது, கண்ணில் படாது. விருந்தினர் வரும்போது மேசையை நீட்டினால் விளக்கையும் நீட்டுகிறோம்.

அலுமினியக் குடையைப் பற்றித்தான் அதிகம் சொல்லத் தோன்றுகிறது. அது இரண்டு பாகம். மேலே துளைகள் போட்ட தொப்பி, அது அசையாது. கீழே அகலமான வளையம். அதை வேண்டிய சாய்வுக்குத் திருப்பி வைக்கலாம். இழை பல்பு எரிந்த காலத்தில் சூடு வெளியேற வைத்த துளைகள் அவை. நாங்கள் எல்இடி பல்பு போட்ட பிறகு சூடு பிரச்சினையே இல்லை, ஆனாலும் துளைகள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் வழியே கூரையில் சிறு வெளிச்சப் புள்ளிகள் விழுகின்றன. அதனால் மேசை பளிச்சென்றும் அறை இருண்டும் இருக்கும் அந்தக் கண்கூசல் வருவதில்லை. 2700 கெல்வின் மஞ்சள் ஒளி பல்பு போடுங்கள். வெள்ளை ஒளியில் சோறும் குழம்பும் வெளிறித் தெரிகின்றன. உட்கார்ந்தால் பல்பு நேராகக் கண்ணில் பட்டால், அடிப்பாதி வெள்ளிப் பூச்சுள்ள பல்பு நல்ல தீர்வு.

குறைகள் உண்டு. மரத் தரையில் யாராவது வேகமாக நடந்தால் குடை லேசாக ஆடும், நிற்கச் சற்று நேரமாகும். அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். துளைகள் வழியே தூசி இறங்குவதால் மாதம் ஒரு முறையாவது குடையின் உட்புறத்தைத் துடைக்க வேண்டும். இரண்டையும்விடப் பெரிய கவலை பளிங்கு. சுண்ணாம்புச் சத்துள்ள கல்லாதலால் புளிப்பு பட்டால் அரித்துவிடும். ஒரு விருந்தினர் கையிலிருந்த எலுமிச்சைச் சாறு சிந்திய இடத்தில் மங்கலான வட்டம் இன்னும் இருக்கிறது. கறையல்ல, கல்லின் மேற்பரப்பின் பளபளப்பே போய்விட்டது. ஈரத்துணியும் மிதமான சோப்பு நீரும் போதும். வினிகர் கலந்த எதையும் அருகே கொண்டுவராதீர்கள்.

பழைய விளக்கு வாங்குபவர்கள் முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் உறை காய்ந்து, வளைத்தால் வெடித்தது. வளைவும் குடையும் உலோகம் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயர், ஹோல்டர், சுவிட்ச் மூன்றையும் மாற்றிய பிறகே எரியவிட்டோம். அடுத்தது நகல்கள். இந்த வடிவத்தின் நகல்கள் பற்றிய வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2011 ஜனவரியில் தீர்ப்பு வந்தது; அந்த அளவுக்கு நகல்கள் மலிந்த பொருள். கல்லைத் தள்ளிப் பாருங்கள். ஒற்றைக் கையால் நகர்ந்தால் சந்தேகப்படுங்கள். வளைவுத் துண்டுகளை இழுத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடக் கூடாது.

பிறகு அறையை அளந்துகொள்ளுங்கள். உயரம் சுமார் 2.4 மீட்டர், கைநீளம் 2 மீட்டருக்கு மேல். தாழ்ந்த கூரையுள்ள சிறிய அறையில் வைத்தால் வளைவு சுவரை முட்டி நிற்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, அதே சகோதரர்கள் அதே 1962இல் கார் முகப்பு விளக்கை ஒரு கம்பத்தில் பொருத்திச் செய்த தோயோ விளக்கைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.