சைக்கிள் ரூட் போடுத ஆப்பு: நெல்லைல இருந்து கன்னியாகுமரி படகுத்துறைக்கு, 3 ஸ்டார்

பேரு சொல்லல, சொன்னா சண்டைக்கு வருவானுவ. காசு கட்டி வாங்குன ஆப்பு, மேப்ப டவுன்லோடு பண்ணிட்டா சிக்னல் இல்லாமலும் ஓடுது, ஏத்தம் இறக்கம் காட்டுதது சூப்பரு.

நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறுன்னு 44-ம் நம்பர் ஹைவேல விட்டா சுமாரா 85 கிலோமீட்டரு, நேரா போயிரலாம், ஆனா லாரியும் ஆம்னி பஸ்ஸும் காதோரமா உரசிட்டு போவும். "அமைதியான ரூட்"டுன்னு அமுக்குனா மூலைக்கரைப்பட்டி, இட்டமொழி, திசையன்விளை, கூடங்குளம், அஞ்சுகிராமம்னு சுத்தி விடுது, தூரம் கூடுதல்தான் ஆனா பனங்காட்டுக்குள்ள ஓட்டுத சுகமே தனி வே.

கொடுமை என்னன்னா தேரிக்காட்டு (செம்மணல் மேட்டு) தடத்தையும் ரோடுன்னே காட்டுது! செம்மண்ணுல முன் டயரு பாதி புதைஞ்சி நின்னுட்டு, இறங்கி தள்ளுனா உடைமுள்ளு ஏறி பஞ்சரு, சவத்த எவன் செக் பண்ணுனானோ. அங்க மட்டும் டீக்கடை அண்ணாச்சிட்ட கேட்டுக்கோங்க.

காத்தப் பத்தியும் ஒரு வார்த்த இல்ல. ஆடி மாசம் பணகுடி தாண்டுனா ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து வலது பக்கமா அடிச்சி சைக்கிள ரோட்ட விட்டு இடது ஓரத்துக்கு தள்ளும், அவ்வளவு காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்கான்.

படகுத்துறைய சரியா காட்டுது, ஆனா சாயங்காலம் 4 மணியோட டிக்கெட்டு முடிஞ்சிரும், கடல் சீறுனா அதுவும் இல்ல, இதெல்லாம் ஆப்புல வராது. 2024 டிசம்பர்ல கண்ணாடி பாலம் திறந்ததுல இருந்து விவேகானந்தர் பாறைல இறங்கி வள்ளுவர் சிலைக்கு நடந்தே போயிரலாம், சைக்கிள கரைல பூட்டிட்டு போங்க.